கடற்கரையில் ஒரு வாரம்: மேற்கிந்தியத் தீவுகளும் ‘எல்லாம் அடங்கிய’ விலையும்



மேற்கிந்தியத் தீவுகள் என்றதும் நம்மில் பலருக்குக் கிரிக்கெட் ஆட்டம்தான் நினைவுக்கு வரும். வெளிநாட்டுப் பயணிகளுக்கோ அங்குள்ள வெண்மணல் கடற்கரைகள் நினைவுக்கு வரும். “ஒரே விலை கட்டுங்கள், தங்குமிடம், சாப்பாடு, பானம், விளையாட்டு எல்லாம் அதில் அடங்கும்” என்று அங்குள்ள ஹோட்டல்கள் விளம்பரம் செய்கின்றன. அப்படி ஓர் அமைதியான விடுமுறையை எவ்வாறு திட்டமிடுவது என்பதே இன்றைய பேச்சு.

“தோட்டத்துக் குடும்பங்களுக்கு இது எதற்கு?” என்று கேட்கலாம். காரணம் உண்டு. தோட்டத்தில் படித்து முன்னேறி, லண்டனிலும் கனடாவிலும் வேலை பார்க்கும் பிள்ளைகள் இன்று இருக்கிறார்கள். “அம்மா, அப்பா, ஒரு வாரம் கடற்கரைக்குப் போவோம்” என்று அவர்கள் அழைக்கும் காலம் இது. மேலும், இதே முறையில் விற்கப்படும் விடுமுறை நம் பகாங் மாநிலத்துச் செராத்திங் கடற்கரையிலும் உண்டு. எங்கே போனாலும் கேட்க வேண்டிய கேள்விகள் ஒன்றே. இன்னொரு காரணத்தைப் பேச்சின் பிற்பகுதியில் சொல்கிறேன்.

முதலில், இந்தத் தீவுகள் எங்கே இருக்கின்றன? வட அமெரிக்காவுக்கும் தென் அமெரிக்காவுக்கும் இடையில், கரிபியன் கடலைச் சுற்றி மாலை போலக் கிடக்கின்றன. நமக்கு நண்பகல் பன்னிரண்டு மணி என்றால் பார்படோஸ் தீவில் நள்ளிரவு. கோலாலம்பூரிலிருந்து அங்கே நேர் விமானம் இல்லை. போய்ச் சேர ஒரு முழு நாளுக்கு மேல் ஆகும். அமெரிக்கா வழியாகச் சென்றால், விமானம் மாறுவதற்காக மட்டும் இறங்கினாலும் மலேசியக் கடப்பிதழ் வைத்திருப்பவருக்கு அந்நாட்டு விசா தேவை. லண்டன் வழியாகப் போனால் பார்படோஸ், அந்திகுவா, ஜமெய்க்கா ஆகியவற்றுக்கு நேர் விமானம் கிடைக்கும். ஆகவே, பயணச் சீட்டு வாங்கும் முன்னரே வழியைத் தீர்மானித்துக்கொள்வது நல்லது.

அடுத்து, எப்பொழுது போவது? நம் கிழக்குக் கரையில் ஆண்டின் இறுதியில் வடகிழக்குப் பருவக்காற்று அடித்து, தீவு ஹோட்டல்கள் பல மூடப்படுவதை நாம் அறிவோம். அங்கேயும் அப்படி ஒரு காலம் உண்டு. ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை சூறாவளிக் காலம். ஆகஸ்டு நடுவிலிருந்து அக்டோபர் வரை ஆபத்து அதிகம். 2024 ஜூலை 1ஆம் தேதி ‘பெரில்’ என்னும் சூறாவளி கிரெனடா நாட்டின் கரியாக்கு தீவைத் தாக்கி, அங்குள்ள வீடுகளில் பெரும்பாலானவற்றைச் சேதப்படுத்தியது. 2025 அக்டோபர் 28ஆம் தேதி ‘மெலிசா’ ஜமெய்க்காவின் மேற்குப் பகுதியை நாசமாக்கியது.

டிசம்பர் நடுவிலிருந்து ஏப்ரல் நடுவரை வானம் தெளிவாக இருக்கும். ஆனால் விலை உச்சத்தில் நிற்கும். அமைதியும் வேண்டும், விலையும் குறைய வேண்டும் என்போர் மே மாதத்தையோ டிசம்பர் முதல் வாரத்தையோ தேர்ந்தெடுக்கலாம். மார்ச்சு மாதத்தில் அமெரிக்கக் கல்லூரி மாணவர்களின் விடுமுறை. அப்பொழுது சில கடற்கரைகளில் ஆட்டமும் பாட்டும் இரவு முழுதும் ஓயாது. சூறாவளிக் காலத்தில்தான் விடுப்புக் கிடைக்கும் என்றால், அருபா, பொனேர், குரசாவ் ஆகிய மூன்று தீவுகளைப் பார்க்கலாம். அவை தெற்கே ஒதுங்கி இருப்பதால் பெரும்பாலான புயல்கள் அவற்றுக்கு வடக்கே போய்விடுகின்றன. பயணக் காப்புறுதி எடுப்பதாக இருந்தால் பதிவு செய்யும் நாளிலேயே எடுத்துவிட வேண்டும். புயலுக்குப் பெயர் வைத்த பிறகு எடுத்தால் அந்தப் புயலுக்கு இழப்பீடு கிடைக்காது.

மூன்றாவது, தீவின் எந்தப் பக்கம்? காற்று அங்கே கிழக்கிலிருந்து வீசுகிறது. ஆகவே, சிறு தீவுகளின் கிழக்குக் கரையில் அட்லாண்டிக் அலைகள் மோதும். மேற்குக் கரையில் கடல் குளம் போல் கிடக்கும். பார்படோஸ் தீவின் மேற்குக் கரையில் பிள்ளைகளும் முதியவர்களும் இறங்கிக் குளிக்கலாம். கிழக்கே பத்சீபா கரையில் நின்று பார்க்கத்தான் முடியும். இன்னொரு தொல்லையும் உண்டு. 2011ஆம் ஆண்டிலிருந்து ‘சர்காசம்’ என்னும் பழுப்பு நிறக் கடற்பாசி குவியல் குவியலாக மிதந்து வந்து, கிழக்கு நோக்கிய கரைகளில் ஒதுங்குகிறது. அழுகும்போது கெட்டுப்போன முட்டை நாற்றம் அடிக்கும். வசந்த காலத்திலும் கோடையிலும் இது மிகுதி. விளம்பரப் படத்தில் இந்தப் பாசி தெரியாது. எனவே கேட்டறிந்து செல்வதே புத்திசாலித்தனம்.

நான்காவது, அமைதி. ‘அமைதியான கடற்கரை’ என்று எல்லோரும்தான் எழுதுவார்கள். மொத்தம் எத்தனை அறைகள்? நீச்சல் குளத்தருகே ஒலிபெருக்கி உண்டா? இரவு எத்தனை மணிக்கு இசை நிற்கும்? நமக்குத் தரும் அறை மதுக்கூடத்திலிருந்து எவ்வளவு தூரம்? இந்த நான்கையும் எழுத்தில் கேட்டுப் பதில் வாங்குங்கள். ஆயிரம் அறை கொண்ட ஹோட்டலைவிட ஐம்பது அறை கொண்ட ஹோட்டலில் சத்தம் குறைவாக இருக்கும் என்பதைச் சொல்லவும் வேண்டுமா?

ஐந்தாவது, விலை. ‘எல்லாம்’ என்ற சொல்லைக் கண்டு மயங்கிவிடக் கூடாது. பெரும்பாலும் அறை, மூன்று வேளைச் சாப்பாடு, மதுவும் மற்றப் பானங்களும், துடுப்புப் படகு போன்ற விளையாட்டுகள் அடங்கும். உடம்பு பிடித்துவிடுதல், இயந்திரப் படகு, ஊர் சுற்றிப் பார்த்தல், துணி வெளுத்தல் ஆகியவற்றுக்குத் தனிக் கட்டணம் இருக்கலாம். விமான நிலையத்திலிருந்து வண்டி, அரசாங்க வரி ஆகியவை சேர்ந்தனவா என்றும் கேட்க வேண்டும். விளம்பரத்தில் காணும் தொகை, இருவர் ஓர் அறையில் தங்கினால் ஒருவருக்கு ஆகும் தொகையாகவே பெரும்பாலும் இருக்கும்.

கணக்குக்காக ஓர் எண்ணை வைத்துப் பார்ப்போம். எல்லாம் அடங்கிய விலை குடும்பத்துக்கு ஒரு நாளைக்கு 900 வெள்ளி என்று கொள்வோம். அதே தரத்தில் அறை மட்டும் 450 வெள்ளி. வெளியே மூன்று வேளை சாப்பிட 250 வெள்ளி. கூட்டினால் 700. மீதி 200 வெள்ளி எதற்கு? மதுவுக்கும் கேளிக்கைக்கும்! மது அருந்தாத குடும்பம் ஏழு நாளில் 1,400 வெள்ளியை அடுத்தவர் குடிப்பதற்காகக் கட்டுகிறது. வெளியே சாப்பாடு மிக விலையாக இருக்கும் இடத்தில் கணக்கு மாறும். அங்கே ஒரே விலைதான் லாபம். ஆகவே, விளம்பரத்தை நம்பாமல் தாளில் கூட்டிப் பாருங்கள். சம்பளச் சீட்டைக் கவனமாகப் பார்க்கப் பழகிய நமக்கு இது கடினமான காரியம் அன்று.

இந்த முறை எப்படித் தோன்றியது? 1950ஆம் ஆண்டில் ஸ்பெயின் நாட்டு மயோர்க்கா தீவில், கூடாரங்கள் அடித்து ‘கிளப் மெட்’ தொடங்கியது. கரிபியனில் ஜமெய்க்கா முன்னோடி. நெக்ரில் கடற்கரையில் 1976இலும், மொன்டேகோ பேயில் ‘சேண்டல்ஸ்’ என்ற பெயரில் 1981இலும் இத்தகைய ஹோட்டல்கள் எழுந்தன. அந்நாளில் அங்கே அரசியல் கலவரம் மிகுந்திருந்தது. வெளியே போக அஞ்சிய பயணிகளுக்கு மதிலுக்குள்ளேயே எல்லாம் கிடைத்தது.

நேயர்களே, தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு இது விளங்காத விஷயமா? வேலிக்குள்ளேயே லயம், கடை, மருந்தகம், கோயில்! வேலிக்கு வெளியே இருக்கும் வியாபாரிக்கு என்ன கிடைக்கும்? ஹோட்டல் மதிலுக்கு வெளியே இளநீர் விற்பவரும் டாக்சி ஓட்டுபவரும் அதையேதான் கேட்கிறார்கள். பார்படோஸில் கடற்கரைகள் எல்லாம் பொதுமக்களுக்கு உரியவை. ஜமெய்க்காவிலோ 1956ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, எல்லாக் கரையிலும் இறங்கும் பொது உரிமை மக்களுக்கு இல்லை. தம் ஊர்க் கடலில் குளிக்க உரிமை கேட்டு அவர்கள் வழக்காடி வருகிறார்கள்.

முதலில் சொல்லாமல் வைத்த காரணம் இதுதான்: அந்தத் தீவுகளின் கதை தோட்டத்தின் கதை. அடிமை முறை ஒழிந்த பின், கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக நம்மவர் கப்பலேற்றப்பட்டனர். மார்ட்டினிக் தீவுக்கு 1853இலும், குவாதலூப் தீவுக்கு 1854இலும் முதல் கப்பல்கள் சேர்ந்தன. குவாதலூப்புக்கு மட்டும் 40,000 பேருக்கு மேல் சென்றனர். புதுச்சேரியிலும் காரைக்காலிலும் ஏறிய தமிழர்கள் அவர்களில் பலர். அவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று பிரெஞ்சும் கிரியோலும் பேசினாலும் மாரியம்மனை வணங்குகிறார்கள். அவர்கள் சமைக்கும் ‘கொலம்போ’ என்னும் கறி, நம் ‘குழம்பு’ என்ற சொல்லிலிருந்து வந்ததென்பர்.

கரும்பு அங்கே பல தீவுகளில் மறைந்துவிட்டது. டிரினிடாட்டில் 2003இல் அரசாங்கக் கரும்புக் கம்பெனி மூடப்பட்டு, ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தனர். செயின்ட் கிட்ஸ் தீவில் 2005ஆம் ஆண்டு அறுவடையே கடைசி. கரும்பு ஏற்றிய ரயில் பாதையில் இன்று பயணிகள் வேடிக்கை பார்த்துச் செல்கிறார்கள். தோட்டத் தொழிலாளியின் பிள்ளை ஹோட்டலில் படுக்கை விரிக்கிறது, பாத்திரம் கழுவுகிறது. புயலோ நோயோ வந்தால் முதலில் வேலை இழப்பதும் அந்தப் பிள்ளைதான். ஜமெய்க்காவில் சுற்றுலாத் தொழிலாளருக்கென்று 2019இல் சட்டம் இயற்றி, 2022இல் ஓய்வூதியத் திட்டம் தொடங்கினார்கள். ஹோட்டல் ஊழியர் மட்டுமன்றி, டாக்சி ஓட்டுநரும் கைவினைப் பொருள் விற்பவரும் அதில் சேரலாம். ஊழியர் சேமநிதியின் அருமை அறிந்த நமக்கு அதன் மதிப்புத் தெரியும்.

எனவே, அங்கே போகும் வாய்ப்புக் கிடைத்தால் மதிலுக்குள்ளேயே வாரம் முழுவதும் அடைந்து கிடக்க வேண்டாம். பாதுகாப்பான வழியை ஊராரிடம் கேட்டு, ஒரு நாளாவது வெளியே சென்று சந்தையில் பழம் வாங்குங்கள். அறையைக் கூட்டும் பெண்ணிடம் இரண்டு வார்த்தை அன்பாகப் பேசுங்கள். செராத்திங் ஆனாலும் பங்கோர் ஆனாலும் இதுவே முறை.

காலம், கரை, சத்தம், கணக்கு, அங்கு உழைக்கும் மக்கள் ஆகிய ஐந்தையும் பயணத்திற்கு முன் யோசித்துக்கொள்ளுங்கள். பிள்ளைகள் உலகப் படத்தை விரித்து, நான் சொன்ன தீவுகள் எங்கே இருக்கின்றன என்று இன்றே தேடிப் பார்க்கட்டும்.