காலத்திற்கு முன் என்ன இருந்தது?



அன்பார்ந்த நேயர்களே! எழுவைதீவிலிருந்து ஒரு படகும் அனலைதீவிலிருந்து மற்றொன்றும் நேர் வடக்கே புறப்படுகின்றன எனக் கொள்ளுங்கள். கோடியக்கரையோ வேறு நிலமோ குறுக்கிடாவிட்டால், சுக்கானைத் திருப்பாமலே இரண்டும் வடதுருவத்தில் சந்திக்கும். பூமியின் வளைவே அவற்றைச் சேர்க்கிறது.

காலமும் வெளியும் ஈர்ப்பினால் அவ்வாறே வளைகின்றன. அவ்வளைவில் பாதைகள் நெருங்கும் விதத்தை 1955இல் சமன்பாடாக எழுதியவர் கல்கத்தாவின் அமல்குமார் ராய்சௌத்ரி. அதன் துணையுடன் பென்ரோஸும் ஹாக்கிங்கும் 1970இல், சில நிபந்தனைகளின் கீழ், எல்லாப் பாதைகளும் பின்னோக்கி முடிவின்றி நீள முடியாது என்று நிறுவினர். அம்முனையில் ஐன்ஸ்டீனின் சமன்பாடுகளே செயலிழந்துவிடுகின்றன. துருவத்திற்கு வடக்கே இடமில்லாதது போலத் தொடக்கத்திற்கு "முன்" என்பதும் இல்லை என்பது, ஹாக்கிங் 1983இல் ஹார்ட்டிலுடன் முன்வைத்த கருத்தின் சாரம். அது இன்றும் கருதுகோளே.

இளைஞர்களே! அல்அன்பியா அத்தியாயத்தின் 30ஆவது வசனத்தைக் காட்டி, பெருவெடிப்பு நிரூபணமாயிற்று என்று மேடைகளில் முழங்குவோர் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. கருதுகோள் மாறும் நாளில் உங்கள் ஈமானும் ஆட்டங்காண வேண்டுமா?

பெற்றோர்களே! "அதற்கு முன் என்ன இருந்தது?" என்று பிள்ளை கேட்டால் அதட்டாதீர்கள். 1095இல் எழுதி முடித்த தஹாஃபுத்துல் ஃபலாஸிஃபாவில் இமாம் கஸ்ஸாலி இக்கேள்வியை நேராக எதிர்கொண்டார். காலமும் படைக்கப்பட்டதே, உலகின் எல்லைக்கு அப்பால் வெளியைக் கற்பனை செய்யும் மனமே, காலத்திற்கு முன்னும் ஒரு காலத்தைக் கற்பனை செய்கிறது என்பது அவரது வாதம்.