சிற்றுயிர்ப் படங்களுக்கு ஏற்ற ஒளி



புதிதாகக் காமிரா வாங்கியவர்கள் சில மாதங்கள் கழிந்ததும் என்னிடம் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "சிறு பூச்சிகளையும் நண்டுகளையும் மிக அருகில் வைத்துப் பெரிதாகப் படமெடுக்க விரும்புகிறேன். எந்தப் பிளாஷ் விளக்கை வாங்கலாம்?" என்பதே அக்கேள்வி. மாக்ரோ படம் என்று இதற்குப் பெயர். விலை உயர்ந்த விளக்கு நல்ல படத்தைத் தரும் என்ற எண்ணம் கேட்பவர் உள்ளத்தில் ஏற்கெனவே குடிகொண்டிருக்கும். அது எவ்வளவு தூரம் சரி என்பதை ஆராய, இன்று உங்களை ஆரம்பாக்கத்துக்கு அழைத்துச் செல்கிறேன்.

சென்னையிலிருந்து கூடூர் செல்லும் ரயில் பாதையில், தமிழ்நாட்டின் வட எல்லையை ஒட்டி அமைந்த ஊர் ஆரம்பாக்கம். அதற்குக் கிழக்கே பழவேற்காடு ஏரி பரந்து கிடக்கிறது. இந்தியாவின் உவர்நீர் ஏரிகளுள் ஒடிசாவின் சிலிக்காவுக்கு அடுத்த பெரிய ஏரி இதுவே. ஆரணி ஆறும் காளங்கி ஆறும் இதற்கு நன்னீர் கொண்டுவருகின்றன. பழவேற்காட்டு முகத்துவாரத்தின் வழியே கடல்நீர் உள்ளே வருகிறது. வடகிழக்குப் பருவமழையில் ஏரியின் உப்பு குறையும், கோடையில் மிகும்.

காமிராவோடு இங்கு வருவோர் பெரும்பாலும் பூநாரைகளைத் தேடி வருகிறார்கள். அவர்கள் நிற்கும் சேற்றிலேயே வேறோர் உலகம் இயங்குகிறது. நீர் வடிந்த இடங்களில் விரல் நுனியளவு நண்டுகள் வளைகளிலிருந்து எட்டிப் பார்க்கின்றன. அவற்றுள் ஆண் நண்டுக்கு ஒரு கொடுக்கு மட்டும் உடலுக்குப் பொருந்தாத அளவில் பெரிதாக இருக்கும். அதை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டே இருக்கும். ஆழமற்ற நீரில் இறால் குஞ்சுகள் திரிகின்றன. அவை கடலில் பிறந்து, ஏரிக்குள் வந்து வளர்ந்து, முட்டையிடும் பருவத்தில் மறுபடியும் கடலுக்குச் செல்பவை. முகத்துவாரம் மணலால் தூர்ந்துவிட்டால் அந்தப் போக்குவரத்து தடைப்படும். ஏரியை நம்பிய மீனவர் குடும்பங்களின் அடுப்பையும் அது தொடும். ஆதலால் இந்த ஏரியில் எந்தச் சிற்றுயிர், எந்த மாதத்தில், எந்த இடத்தில் இருந்தது என்று ஐயமின்றிக் காட்டும் ஒரு படம், பிற்காலத்தார்க்கு ஒரு சான்றாகும். சான்று பொய்க்கக் கூடாது. படத்தை மெய்யாக்குவதிலும் பொய்யாக்குவதிலும் ஒளிக்குப் பெரும் பங்கு உண்டு.

முதலில், வெயில் இத்தனை இருக்கும்போது பிளாஷ் எதற்கு என்று பார்ப்போம். இரண்டு சென்டிமீட்டர் நண்டின் உருவம் காமிராவின் உணர்தகட்டிலும் இரண்டு சென்டிமீட்டராகவே விழுமானால், அதை ஒன்றுக்கு ஒன்று என்ற அளவு என்கிறோம். அந்நிலையில் தெளிவாக விழும் ஆழம் மிகக் குறைவு. துவாரத்தை எஃப் 11 அளவுக்குச் சுருக்கினாலும் அந்த ஆழம் ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று மேல்தான். ஓர் அரிசியின் தடிப்புக்கூட இல்லை. நண்டின் கண் தெளிவாக இருந்தால் கொடுக்கு மங்கிவிடும். ஆதலால் துவாரத்தைச் சுருக்கியே தீரவேண்டும். சுருக்கினால் ஒளி குறையும். அது போதாதென்று, ஒன்றுக்கு ஒன்று என்ற அளவில் லென்ஸ் வழியே வரும் ஒளி நான்கில் ஒரு பங்காகக் குறைந்து, எஃப் 11 என்பது எஃப் 22 போல வேலை செய்கிறது. மேலும் மேலும் சுருக்கிக்கொண்டே போகவும் இயலாது. மிகச் சிறிய துவாரத்தில் ஒளி விளிம்பில் வளைந்து படம் முழுவதையும் மழுங்கச் செய்துவிடும். இதற்கிடையில் நண்டும் சும்மா இராது. நம் கையும் நடுங்கும். ஒளி நிறைய வேண்டும், அது ஒரு கணத்துக்குள் முடியவும் வேண்டும். இவ்விரண்டையும் ஒருங்கே தரவல்லது பிளாஷ்.

கணநேர ஒளியால் அசைவை நிறுத்தும் இந்த எண்ணம் பழமையானது. 1851-ஆம் ஆண்டு லண்டனில் ஃபாக்ஸ் டால்பட் என்பவர், விரைந்து சுழலும் சக்கரத்தில் செய்தித்தாளின் பக்கத்தை ஒட்டி, மின்பொறியின் ஒளியில் அதைப் படமெடுத்துக் காட்டினார். 1931-இல் அமெரிக்கப் பொறியியலாளர் ஹெரால்டு எட்ஜர்ட்டன், வாயு நிரம்பிய குழாயில் மின்சாரத்தைப் பாய்ச்சி, மறுபடி மறுபடி பயன்படுத்தக்கூடிய மின்னணுப் பிளாஷை உருவாக்கினார். இன்று நம் கையிலுள்ள விளக்கு அதன் வழித்தோன்றலே.

இனி விளக்கைத் தேர்ந்தெடுப்போம். கடைக்காரர் முதலில் வலிமையைப் பற்றிப் பேசுவார். வலிமையைக் குறிக்க வழிகாட்டி எண் என்று ஒன்று உண்டு. ஐ.எஸ்.ஓ. 100 என்ற உணர்திறனில், விளக்குக்கும் பொருளுக்கும் இடையே மீட்டரில் உள்ள தூரத்தை எஃப் எண்ணால் பெருக்கிப் பெறுவது அது. வழிகாட்டி எண் 24 உள்ள சாதாரணச் சிறு விளக்கு ஒன்றை எடுத்துக்கொள்வோம். அருகில் படமெடுப்பதால் ஒளி நான்கில் ஒரு பங்காகிறது என்றோம். எண் 12 ஆகிவிடும். ஒளியை மென்மையாக்க முன்னால் ஒரு தாளைக் கட்டுகிறோம். அதனால் மறுபடியும் நான்கில் ஒரு பங்கே மிஞ்சுவதாக வைத்துக்கொண்டால் எண் 6 ஆகும். ஆறைப் பதினொன்றால் வகுத்தால் ஏறத்தாழ 55 சென்டிமீட்டர் வருகிறது. நாமோ விளக்கை நண்டுக்கு ஒரு சாண் தூரத்துக்குள் வைக்கப் போகிறோம்! தூரம் பாதியானால் ஒளி நான்கு மடங்காகும் அல்லவா? ஆகவே 18 சென்டிமீட்டரில் இந்தச் சிறு விளக்கே தேவையைப்போல் ஒன்பது மடங்கு ஒளி தரும். அதன் வலிமையை எட்டில் ஒரு பங்காகக் குறைத்து வைக்கலாம். குறைத்து வைப்பதில் ஒரு நன்மையும் இருக்கிறது. முழு வலிமையில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு விநாடி நீடிக்கும் ஒளி, வலிமை குறையக் குறைய மிகச் சுருங்கிப் பல்லாயிரத்தில் ஒரு பங்காகிவிடும். கொடுக்கை ஆட்டும் நண்டு அந்தக் கணத்தில் சிலைபோல் நிற்கும்.

ஆகவே வலிமைக்காகப் பணம் செலவிட வேண்டியதில்லை. விளக்கின் வலிமையைக் கையால் குறைக்க வசதி உண்டா, காமிராவிலிருந்து கழற்றிக் கம்பியாலோ வானொலிக் கருவியாலோ இயக்க முடியுமா என்ற இரண்டை மட்டும் பாருங்கள். காமிராவின் தலைமேல் பொருத்திய விளக்கின் ஒளியை, நீண்ட லென்ஸே மறைத்து நண்டின்மேல் நிழலாக விழச்செய்யும். விளக்கைக் கழற்றிப் பக்கவாட்டிலோ மேலிருந்தோ பிடித்தால் அந்த இடையூறு இல்லை.

அடுத்தது ஒளியின் தன்மை. சூரியன் ஏறத்தாழ 14 லட்சம் கிலோமீட்டர் குறுக்களவுள்ள பெரும் பிழம்பு. ஆனாலும் 15 கோடிக் கிலோமீட்டருக்கு அப்பால் இருப்பதால் வானத்தில் அரை டிகிரி அளவே தோன்றுகிறது. அதனால்தான் நடுப்பகல் நிழல் கத்தியால் வெட்டியதுபோல் விழுகிறது. நாலு விரற்கிடை அகலமுள்ள ஒரு வெள்ளைத்தாளை நண்டுக்கு நாலு விரற்கிடை தூரத்தில் பிடித்து, அதன்பின் பிளாஷை எரியச் செய்தால், நண்டின் பார்வையில் அந்தத் தாள் வானத்தில் சூரியனைவிட மிகப் பெரிய இடத்தை அடைத்துக்கொள்ளும். அந்த ஒளியில் நிழல் கரைந்து மென்மையாகும். பெரிதாகவும் அருகிலும் ஒளி இருக்க வேண்டும் என்பதே மாக்ரோ ஒளியின் அடிப்படை. டிரேசிங் தாள் இதற்குப் போதும். மெல்லிய வேட்டித் துணியும் உதவும்; ஆனால் நீலம் போட்டு வெளுத்த துணி படத்தில் நீலச் சாயலையும், நாள்பட்ட துணி மஞ்சள் சாயலையும் ஏற்றிவிடும் என்பதை நினைவில் வையுங்கள்.

லென்ஸைச் சுற்றி வளையமாகப் பொருந்தும் பிளாஷ் ஒன்று கடைகளில் கிடைக்கும். 1952-இல் லெஸ்டர் டைன் என்ற அமெரிக்கர் பல் மருத்துவப் படங்களுக்காக அதை அமைத்தார். வாய்க்குள் நிழலின்றி ஒளி பாய்ச்ச அதுவே ஏற்றது. ஆனால் ஏரி நண்டோ ஈரம் தோய்ந்தது. அதன் ஓட்டிலும் கண்ணிலும் அந்த வளையம் அப்படியே வெள்ளை மோதிரமாகப் பிரதிபலிக்கும்; ஓட்டின் மேடுபள்ளங்களும் நிழலின்றித் தட்டையாகிவிடும். லென்ஸின் இருபுறமும் இரண்டு சிறு விளக்குகளைப் பொருத்தும் கருவி இதைவிட நல்லது. விலையும் அதற்கேற்ப மிகுதி. ஒரே விளக்கை ஒருபுறமும், வெள்ளை அட்டையை மறுபுறமும் வைத்தால் அதே பயனில் பெரும்பகுதியைப் பெறலாம். எல்.ஈ.டி. விளக்குகள் தொடர்ந்து எரிவதால் மாலையில் குவியம் பார்க்க உதவும். ஓடும் நண்டை நிறுத்த அவற்றின் ஒளி பெரும்பாலும் போதாது. கைப்பேசியில் உள்ள விளக்கும் இவ்வினமே. கைப்பேசி மட்டும் உள்ளவர்கள், அசையாத நத்தையையும் சிப்பியையும் தேர்ந்து, டிரேசிங் தாளுக்குப் பின்னால் ஒரு கைவிளக்கைப் பக்கவாட்டில் பிடித்துத் தொடங்கலாம்.

இனி இறால் குஞ்சுக்கு வருவோம். அதன் உடல் கண்ணாடிபோல் ஊடுருவித் தெரிவது. முன்னாலிருந்து ஒளி பாய்ச்சினால் அது கலங்கிய வெண்மையாகத் தோன்றும். சிறு கண்ணாடித் தொட்டியில் தெளிந்த ஏரிநீரோடு விட்டு, பின்னால் கறுப்புத் துணி தொங்கவிட்டு, விளக்கைப் பின்பக்கச் சாய்விலிருந்து எரியச் செய்யுங்கள். உடலின் விளிம்பு முழுவதும் ஒளிக்கோடாக எழும். தலையிலிருந்து முன்னோக்கி நீளும் முள்ளில் உள்ள பற்களை அப்போது ஒன்று, இரண்டு என்று எண்ணலாம். இறால் இனங்களைப் பிரித்தறிய அறிஞர் பார்க்கும் அடையாளங்களுள் அந்தப் பற்களின் எண்ணிக்கையும் ஒன்று. ஆகவே அழகாக இருந்தும் பற்களை எண்ண முடியாத படத்தைவிட, எளிமையாக இருந்தும் எண்ண முடிகிற படமே ஏரிக்கு உதவுவது.

நண்டுப் படத்தில் வேறொரு பொய் நுழையக்கூடும். விளக்கு நண்டுக்கு 20 சென்டிமீட்டரிலும், பின்னணிச் சேறு விளக்குக்கு 80 சென்டிமீட்டரிலும் இருந்தால், நான்கு மடங்கு தூரத்துக்குப் பதினாறில் ஒரு பங்கு ஒளியே சேற்றுக்குச் செல்லும். வெயில் தணிந்த வேளையில் எடுத்தால் பின்னணி கன்னங்கரேலென்று ஆகிவிடும். பார்ப்பவர், இந்நண்டு இரவில் நடமாடுவது என்று எண்ணிக்கொள்வார். உண்மையில் இவை பகலில் வெளிவந்து மேய்பவை. ஐ.எஸ்.ஓ. உணர்திறனை 400 அளவுக்கு உயர்த்தி, ஷட்டரைச் சற்று மெதுவாக்கினால் இயற்கை ஒளியும் படத்தில் சேரும். சேறு சேறாகவும் பகல் பகலாகவும் தெரியும்.

சில எச்சரிக்கைகள் உண்டு. உப்புக்காற்று மின்கலத் தொடர்புகளை அரித்துவிடும். வீடு திரும்பியதும் நன்னீரில் நனைத்துப் பிழிந்த துணியால் கருவியின் வெளிப்புறத்தைத் துடைத்து, உலர்ந்த பின்பே பையில் வையுங்கள். பிளாஷுக்குள் இருக்கும் மின்தேக்கி ஏறத்தாழ 300 வோல்ட் வரை மின்சாரத்தைத் தேக்குவது. மின்கலத்தை எடுத்த பின்னும் அது தங்கியிருக்கும். ஆகவே பழுதுபார்க்கிறேன் என்று திறந்துவிடாதீர்கள்.

மனிதர்களிடமும் உயிர்களிடமும் மரியாதை வேண்டும். இந்த ஏரிப் பகுதியில், பறியைப் பல்லால் கவ்விக்கொண்டு, நீருக்குள் கைகளால் துழாவியே இறால் பிடிக்கும் பெண்கள் இருக்கிறார்கள். பறியில் இருப்பது அவர்களுடைய அன்றைய கூலி. "அம்மா, ஒரே ஓர் இறாலைச் சற்று நேரம் தருகிறீர்களா?" என்று கேட்டு வாங்குங்கள், அவர்கள் கரைக்கு விரையும் வேளையில் வழிமறிக்காதீர்கள். நண்டை வளையிலிருந்து தோண்டி எடுக்கவும் வேண்டாம். அசையாமல் பத்து நிமிடம் அமர்ந்திருந்தால் அதுவே வெளிவரும். நூறு மில்லிமீட்டர் மாக்ரோ லென்ஸ் இருந்தால் அதை அச்சுறுத்தாமல் சற்றுத் தள்ளியே இருக்கலாம்.

நாவலாசிரியர் அ. மாதவையாவின் புதல்வரான மா. கிருஷ்ணன், 1912 முதல் 1996 வரை வாழ்ந்த இயற்கை ஆர்வலர். காட்டு விலங்குகளைப் படமெடுத்த அவர் பயன்படுத்திய காமிராக்களுள் ஒன்று, பலவிடங்களில் திரட்டிய உறுப்புகளைக் கொண்டு தாமே கூட்டியமைத்தது. விலங்கின் இயல்பை அவர் நன்கு அறிந்திருந்தார். கருவியை அந்த அறிவுக்கு ஏற்ப அமைத்துக்கொண்டார். ஒரு சிறு விளக்கையும் ஒரு தாளையும் கொண்டு நீங்களும் அவ்வாறே தொடங்கலாம்.

விடுமுறை நாளொன்றில், உங்கள் ஊர் ஏரிக்கரையிலோ வாய்க்கால் ஓரத்திலோ ஒரே ஒரு சிற்றுயிரைத் தேர்ந்துகொள்ளுங்கள். அதே விளக்கை முன்னாலும், பக்கத்திலும், பின்னாலும் வைத்து மூன்று படங்கள் எடுங்கள். நாளையும் இடத்தையும் ஒவ்வொன்றின் கீழும் எழுதி, எந்தப் படம் அவ்வுயிரைப் பற்றி மிகுதியாகச் சொல்கிறது என்று உங்கள் உயிரியல் ஆசிரியரிடம் காட்டிக் கேளுங்கள். அதன்பின் எந்த விளக்கு வாங்குவது என்பதை நீங்களே முடிவு செய்துவிடுவீர்கள்.