ஓடுவோர் மார்பில் ஒரு பெயர்

(பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றப்பெற்ற உரை)



பெயர் சூட்டுவது கவிஞரின் தொழில். தலைப்புக் கிடைக்காமல் அச்சகத்தைக் காக்கவைத்த கவிஞர்கள் இவ்வவையிலும் இருக்கக்கூடும். நோயுற்ற ஒரு குழந்தையின் பொருட்டு நிதி திரட்ட ஓடப்போகும் குழுவினர், தமக்கொரு பெயர் தேடி அமரும்போது அவர்களும் சற்று நேரம் கவிஞராகின்றனர். மேலைநாடுகளில் இத்தகைய அறக்கொடை ஓட்டங்களும் நடைகளும் ஆண்டுதோறும் நிகழ்கின்றன. உறவினரும் அண்டை வீட்டாரும் பள்ளித் தோழரும் ஒன்றுகூடி, ஒரு பெயரைச் சட்டையில் பொறித்துக்கொண்டு ஓடுவர். அப்பெயர் எங்கிருந்து பிறக்க வேண்டும்? அமெரிக்க நாட்டின் மூன்று வரலாறுகள் இதற்கு விடை சொல்கின்றன.

முதலாவது, பாஸ்டன் நகரில் 1948இல் நிகழ்ந்தது. புற்றுநோயுற்று மருத்துவமனையில் கிடந்த 12 வயதுச் சிறுவன் ஒருவனின் குரல் வானொலியில் ஒலித்தது. தான் போற்றிய அடிபந்தாட்ட வீரர்களோடு அவன் பேசியதை நாடே கேட்டது, நிதி குவிந்தது. ஆனால் அவனுடைய உண்மைப் பெயரை எவரும் கேட்கவில்லை. அவனது தனிமையைக் காக்க வேண்டி, ‘ஜிம்மி’ என்னும் புனைபெயரையே வழங்கினர். மருத்துவர் சிட்னி ஃபார்பரின் ஆய்வுக்குத் துணைநின்ற ‘ஜிம்மி நிதி’ இவ்வாறு பிறந்தது. சிறுவன் இறந்துவிட்டான் என்றே பலரும் எண்ணியிருந்தனர். அவனோ பிழைத்து, வளர்ந்து, சரக்குந்து ஓட்டி, ஐம்பது ஆண்டுகள் கழித்து 1998இல் ஐனார் குஸ்டாஃப்சன் என்னும் தன் பெயரோடு உலகின்முன் வந்தான். ஒரு குழந்தையின் பெயரை மறைப்பதும் அதற்குச் செய்யும் மரியாதையே என்பதற்கு இவ்வரலாறு சான்று.

இரண்டாவது, 1965இல் நிகழ்ந்தது. மேரி வைஸ் என்னும் தாயின் மூன்று மைந்தருக்கும் ‘சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ்’ என்னும் பரம்பரை நோய். நுரையீரலில் கெட்டியான சளி தேங்கி மூச்சை அடைக்கும் கொடிய நோய் அது. அந்நோய் குறித்த ஆய்வுக்கு உதவி வேண்டி அத்தாய் தொலைபேசியில் ஒவ்வொருவராக அழைத்துக்கொண்டிருந்தார். அருகிலிருந்து கேட்ட 4 வயது மகன், தாய் எதற்காகப் பாடுபடுகிறார் என்பது தனக்குத் தெரியும் என்றான். அவன் சொன்ன விடை: ‘சிக்ஸ்டி ஃபைவ் ரோசஸ்’. அறுபத்தைந்து ரோசாக்கள்! நோயின் பெயர் அச்சிறு செவியில் மலராக விழுந்திருந்தது. தாய் கண்ணீரை மறைத்து அவனை அணைத்துக்கொண்டார். அந்நோய்க்குக் காரணமான மரபணு 1989இல் கண்டறியப்பட்டது. புதிய மருந்துகளும் வந்தன. எனினும் நிதி திரட்டுவோர் நாவில் அந்த ரோசாக்கள் இன்றும் வாடவில்லை. எந்தப் பெருங்கவிஞரும் இப்பெயரை யோசித்துப் படைத்திருக்க இயலாது.

மூன்றாவது, அலெக்சாந்திரா ஸ்காட் என்னும் சிறுமியின் வரலாறு. முதற் பிறந்தநாளுக்கு முன்பே புற்றுநோய் கண்ட அச்சிறுமி, 2000இல், தன் 4ஆம் வயதில், வீட்டு வாசலில் எலுமிச்சைச் சாறு விற்று, மற்றக் குழந்தைகளுக்கும் உதவட்டும் என்று பணம் சேர்த்தாள். 2004இல், 8ஆம் வயதில் அவள் மறைந்தாள். அவள் பெயரால் இயங்கும் அறக்கட்டளை நோயைச் சுட்டவில்லை. அவளுடைய எலுமிச்சைச் சாற்றுக் கடையையே தன் பெயரில் தாங்கி நிற்கிறது.

பெயர் தேடுவோர்க்கு உடனே தோன்றுவன போர்ச் சொற்கள்: வீரன், படை, வெற்றி. அச்சொற்களில் அன்பு இல்லாமலில்லை. ஆயினும் அவை குழந்தையின் தோள்மீது ஒரு கடனை ஏற்றுகின்றன. ‘வெற்றிப்படை’ என்று எழுதிக்கொண்டு ஓடிய பின் குழந்தை பிழைக்கவில்லையென்றால், அது தோற்றதென்று பொருளா? எட்டு வயதில் மறைந்த அலெக்சாந்திரா எதில் தோற்றாள்? போரில் பட்டவனின் பெயரையும் பெருமையையும் நடுகல்லில் பொறித்தது பழந்தமிழர் மரபு. அது மாண்டோர்க்கு உரியது. ஓடுவோர் மார்பிலுள்ள பெயரோ, உயிரோடிருக்கும் ஒரு குழந்தையின் கண்முன் செல்வது. நாளை நலமானாலும் ஆகாவிட்டாலும் பொய்யாகாத பெயரே அதற்குத் தகும்.

ஆகவே, பெயர் தேடுவோர் முதலில் அகராதியைப் புரட்ட வேண்டா. குழந்தையின் கட்டிலருகே சென்று அமரட்டும். அது விரும்பும் விலங்கு, அது தவறாக உச்சரிக்கும் ஒரு சொல், பாட்டி அழைக்கும் செல்லப்பெயர் ஆகியவற்றுள் ஒன்று போதும். தன் பெயர் தெருவில் வேண்டா என்று குழந்தை சொன்னால், அதற்கும் ஒரு ‘ஜிம்மி’ கிடைப்பான். வழிநெடுக நிற்போர் ஒரே மூச்சில் கூவும்படி அப்பெயர் சிறிதாக இருக்கட்டும்.

ஓட்டம் முடியுமிடத்தில், நாற்காலியில் அமர்ந்தபடி அக்குழந்தை வருவோர் சட்டைகளை எழுத்துக்கூட்டிப் படிக்கும். படித்ததும், “இது என் சொல்” என்று அது அருகிலிருப்பவரிடம் சொல்லுமானால், பெயர் சரியாக அமைந்துவிட்டது.