நேற்றைவிட இன்று



ஆங்கிலம் கற்க வரும் பெரியவர்களுக்கு நான் முதல் வாரத்திலேயே ஒரு வேலை கொடுப்பேன். இரவு படுக்கப் போகும் முன், அன்றைய நாளை முந்தைய நாளோடு ஒப்பிட்டு ஆங்கிலத்தில் மூன்று வாக்கியம் எழுத வேண்டும். எத்தனை மணிக்கு எழுந்தோம், பேருந்து எப்போது வந்தது, சமையல் எப்போது முடிந்தது, இவ்வளவுதான். ஆனால் இரு மொழிகளும் எங்கே பிரிகின்றன என்பதை இதைப்போல் விளங்க வைக்கும் பயிற்சியை நான் கண்டதில்லை.

தமிழில் ஒப்பிடும்போது பண்பைச் சொல்லும் சொல்லை நாம் தொடுவதேயில்லை. ‘நேற்றைவிட இன்று சீக்கிரம் எழுந்தேன்’ என்கிறோம். ‘சீக்கிரம்’ அப்படியே நிற்கிறது. ஒப்பீட்டின் சுமையை ‘நேற்றை’யோடு ஒட்டிய ‘விட’ தாங்குகிறது. களாம்பழம் காக்கையைவிடக் கரியது என்ற பொருளில் பழைய உரையாசிரியர்கள் காட்டிய ‘காக்கையிற் கரிது களாம்பழம்’ என்ற உதாரணத்திலும், ஐந்தாம் வேற்றுமை உருபு காக்கையோடுதான் சேர்கிறது.

ஆங்கிலத்தில் பண்புச்சொல்லே உருமாற வேண்டும், அல்லது அதன் முன் ‘மோர்’ சேர வேண்டும். ‘ஏர்லி’ என்பது ‘ஏர்லியர்’ ஆகி, அதன் பிறகே ‘தேன் எஸ்டர்டே’ வரும். நம் தமிழ்ப் பழக்கத்தில் ‘ஏர்லி தேன் எஸ்டர்டே’ என்று சொல்லிவிடுகிறோம். திருத்தினால், பயத்தில் ‘மோர் ஏர்லியர்’ என்று இரண்டு முறை கூட்டுகிறோம். ஷேக்ஸ்பியர் நாடகங்களில் இப்படிப்பட்ட இரட்டை ஒப்பீடு உண்டு. இன்றைய ஆங்கிலத்தில் அது பிழை.

அடுத்தது, ‘மெதுவான’ பேருந்துக்கும் ‘மெதுவாக’ வந்த பேருந்துக்கும் உள்ள வேறுபாடு. ‘ஆன’, ‘ஆக’ என்று நாம் தெளிவாகப் பிரிப்பதை ஆங்கிலமும் பிரிக்கிறது. மெதுவான பேருந்து ‘ஸ்லோயர்’. மெதுவாக வந்தால் ‘மோர் ஸ்லோலி’. ஆனால் ‘ஃபாஸ்ட்’, ‘ஹார்ட்’ போன்ற சில சொற்கள் இரண்டு இடத்திலும் ஒரே வடிவில் வரும். ஒப்பீட்டில் ‘ஃபாஸ்டர்’, ‘ஹார்டர்’ ஆகும்.

என் மாலை வகுப்புக்குத் தையல் வேலை செய்யும் பெண்மணி ஒருவர் வந்தார். நாள் முழுக்க மெஷினை மிதித்துவிட்டு வந்தவர், கடுமையாக உழைத்தேன் என்று சொல்ல நினைத்து, ‘ஐ வொர்க்டு ஹார்ட்லி’ என்று எழுதியிருந்தார். ‘ஹார்ட்லி’ என்றால் ‘ஏறக்குறைய இல்லை’ என்று பொருள். ஓர் ஒட்டு, அவருடைய ஒரு நாள் உழைப்பையே இல்லாமல் ஆக்கிவிட்டது. விளக்கியதும், அதை அடித்துவிட்டு ‘ஹார்டர் தேன் எஸ்டர்டே’ என்று அழுத்தி எழுதினார்.

இலக்கணப் புத்தகத்து அட்டவணையை மனப்பாடம் செய்தால் சொல் வரும். தேவைப்படும் நேரத்தில் வராது. தன் நாளை எழுதுகிறவருக்கு ஒவ்வொரு ஒப்பீட்டுக்கும் சாட்சி அவரேதான். ‘இன்று பெட்டர்’ என்று எழுதி அவரால் நிறுத்த முடியாது. எதைவிட, எந்த வகையில் என்று வாக்கியமே கேட்கும்.

அடுத்த வாரம் அந்தப் பெண்மணி ‘டுடே ஐ ஃபினிஷ்டு காஜா ஃபாஸ்டர் தேன் எஸ்டர்டே’ என்று எழுதி வந்தார். பட்டன் துளையான காஜாவுக்கு ஆங்கிலச் சொல் தெரியவில்லை. ஒப்பீட்டில் ஒரு பிழையும் இல்லை. எப்படி வேகமாக முடிந்தது என்று கேட்டேன். இந்த வாக்கியத்தை எழுதும்போதுதான் தானும் அதை யோசித்ததாகச் சொன்னார்: அன்று காலையிலேயே எல்லா ஊசியிலும் நூல் கோத்து வைத்திருந்தாராம்.