லாரித் தொழிலில் முதல் வருஷம்

(சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில் நிகழ்த்திய உபந்நியாசம்)



லாரி ஓட்டப் புகும் பிள்ளைகள் முதல் வருஷத்தில் படும் துன்பத்தைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டுமா என்பது இன்று நான் பேச எடுத்துக்கொண்ட விஷயம். இச்சபையில் லாரி வைத்திருப்போரும் இருக்கிறார்கள். அந்த லாரிகளை ஓட்டும் பிள்ளைகளைப் பெற்றோரும் இருக்கிறார்கள். கலியாணப் பந்தியில் அருகருகே உட்கார்ந்து உண்ணும் இவ்விரு திறத்தாரும் இதைப்பற்றித் தங்களுக்குள் மனம்விட்டுப் பேசியதாக நான் கேட்டதில்லை. ஆகையால் என் சொல் எவருக்கேனும் கசந்தால் பொறுத்தருள்க.

நமது பெரம்பலூர், அரியலூர் ஜில்லாக்களில் இத்தொழில் வேரூன்றியதற்குப் பூமியே காரணம். அநேக கோடி வருஷங்களுக்கு முன் இங்கே பரந்திருந்த கடல் விட்டுச்சென்ற சுண்ணாம்புக்கல்லே சிமெண்டுக்கு மூலப்பொருள். 1979இல் அரியலூரில் அரசாங்கத்தின் சிமெண்டு ஆலை ஏற்பட்டது. பின்னர்த் தனியார் ஆலைகளும் பல வந்தன. சுரங்கத்திலிருந்து ஆலைக்குக் கல்லும், ஆலையிலிருந்து வெளியூர்களுக்கு மூட்டையும் லாரியிலே போகின்றன. பெரம்பலூரை ஒட்டியோ திருச்சியிலிருந்து சென்னை செல்லும் பெருஞ்சாலை ஓடுகிறது. மக்காச்சோளமும், பருத்தியும், சின்ன வெங்காயமும் அவ்வழியே செல்கின்றன. மானாவாரி நிலம் ஏமாற்றும் வருஷங்களில், வீட்டில் ஒரு பிள்ளை ஸ்டியரிங் பிடிக்கப் போவது நம்மவரிடையே வழக்கமாகிவிட்டது.

பழைய டிரைவர்களைக் கேட்டால், “கஷ்டப்படாமல் தொழில் வருமா? நாங்கள் படாததா?” என்கிறார்கள். அவர்கள் சொல்வதைத் தள்ளிவிட முடியாது. மழையில் தார்ப்பாய் இழுத்துக் கயிறு கட்டுவதை எந்தப் பள்ளிக்கூடத்திலும் கற்பிக்க இயலாது. டயரைத் தட்டி, எழும் ஓசையைக் கொண்டு காற்றின் அளவை அறிவதும், மலைப்பாதையில் எந்த கியரில் ஏறவேண்டுமோ அதே கியரில் இறங்கவேண்டும் என்பதும், வெறும் வண்டி நிற்கும் தூரத்தில் பாரவண்டி நிற்காது என்பதும் உடம்பு நொந்தால்தான் மனத்தில் ஊன்றும். சட்டமுங்கூட அவசரப்படுவதில்லை. இலகுரக மோட்டாருக்கு லைசென்ஸ் பெற்று ஒரு வருஷம் ஆகாதவனுக்குச் சரக்கு வண்டி பழகும் லைசென்ஸ் கிடையாது. 20 வயது நிரம்பாதவன் பொதுச்சாலையில் அவ்வண்டியை ஓட்டலாகாது.

ஆனால் அப்பெரியோர்கள் ஒன்றை மறந்து பேசுகிறார்கள். அவர்கள் பட்ட கஷ்டத்தின் பக்கத்தில் ஓர் ஆசான் உட்கார்ந்திருந்தார். கிளீனராகச் சேர்ந்த பையன் இரண்டு மூன்று வருஷம் டிரைவர் அண்ணனுக்கு டீ வாங்கிக் கொடுத்தான், கண்ணாடி துடைத்தான், ஏச்சுக் கேட்டான். இடையிடையே ஆளில்லாத சாலையில் ஸ்டியரிங் அவன் கைக்கு வந்தது. தவறினால் தலையில் ஒரு குட்டு விழுந்தது. உடனே ஆசானின் கையும் ஸ்டியரிங்கிற்கு வந்தது. இன்று அநேக லாரிகளில் கிளீனர் இல்லை. இரண்டாவது டிரைவரும் இல்லை. கஷ்டம் மாத்திரம் மிச்சமாய் இருக்கிறது; கற்பிப்பவர் போய்விட்டார். இரவு இரண்டு மணிக்கு உளுந்தூர்ப்பேட்டைக்கு அப்பால் தன்னந்தனியாகக் கண்களைக் கசக்கிக்கொண்டு போகும் பிள்ளைக்கு அந்த இரவு எதைக் கற்பிக்கிறது?

தூக்கத்தைப்பற்றிச் சிறிது விரித்துச் சொல்ல வேண்டும். 17 மணி நேரம் இடைவிடாது விழித்திருப்பவனுடைய கண்ணும் கையும், இரத்தத்தில் 0.05 சதவீதம் மது உள்ளவனைப்போலவே மந்தமாகின்றன என்று ஆராய்ச்சியாளர் அளந்து கண்டிருக்கிறார்கள். நமது நாட்டுச் சட்டம் 0.03 சதவீதத்தைத் தாண்டியவனையே குடித்து ஓட்டியவன் என்று தண்டிக்கிறது. குடித்தவனை லாரியில் ஏற்ற எந்த முதலாளியும் சம்மதியார். தூங்காதவனை ஏற்றி, “காலையில் லோடு இறங்கியாக வேண்டும்” என்று அனுப்புகிறோம். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் மூன்று விநாடி கண் செருகினால் வண்டி 50 மீட்டர் தானே ஓடிவிடுகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் நாலரை மணி நேரம் ஓட்டியவன் முக்கால் மணி நேரம் இளைப்பாறியே ஆகவேண்டும். நமது நாட்டிலும் 1961ஆம் வருஷத்து மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளொன்றுக்கு எட்டு மணி, வாரத்திற்கு 48 மணி என்று வரையறுத்தது. ஆயினும் அது பொதுவாக ஐந்து பேருக்குக் குறையாமல் வேலைசெய்யும் ஸ்தாபனங்களுக்கே உரியதாய் இருந்தது. ஒன்றிரண்டு லாரி வைத்திருக்கும் நம்மவரை அது தீண்டவேயில்லை. இப்போது அது புதிய தொகுப்புச் சட்டத்தில் அடங்கிவிட்டது. எச்சட்டம் வந்தாலும் இன்ஸ்பெக்டர் வந்து பார்க்கப் போவது பெரிய ஸ்தாபனத்தைத்தான். மாமன் லாரியில் மருமகன் எத்தனை மணி நேரம் ஓட்டினான் என்று எவரும் எண்ணப் போவதில்லை.

இனி, பாரத்தின் கதை. 2018இல் மூன்று அச்சு லாரியின் மொத்த எடை 25 டன்னிலிருந்து 28.5 டன்னாக உயர்த்தப்பட்டது. அதற்கு மேலும் ஏற்றினால் 20,000 ரூபாயும், மிஞ்சிய ஒவ்வொரு டன்னுக்கு 2,000 ரூபாயும் அபராதம் என்பது 2019ஆம் வருஷத்துத் திருத்தம். வண்டியை ஓட்டியவன் சொந்தக்காரன் அல்லனாயின், சொந்தக்காரன் அறியவே பாரம் ஏறிற்று என்று நியாயஸ்தலம் ஊகிக்கலாம் என்றும் சட்டத்தில் இருக்கிறது. புதுப்பிள்ளைக்கு இதை யார் சொல்லியிருக்கிறார்கள்? “முதல் வருஷம், எதிர்த்துப் பேசாதே” என்றுதான் சொல்லியிருக்கிறோம். அஜாக்கிரதையால் உயிர்ச்சேதம் நேர்ந்தால், பழைய சட்டத்தில் இரண்டு வருஷமாயிருந்த சிறைவாசம் 2024 ஜூலை முதல் ஐந்து வருஷம்வரை ஆகியிருக்கிறது. பிரேக் பிடித்தும் நில்லாத பாரத்தை ஏற்றியவர்கள் பலர். விலங்கு பூணுகிறவன் ஒருவன்.

முதலாளிகளின் பக்கத்திலும் நியாயம் உண்டு. தவணை, டீசல், சுங்கச்சாவடி, இன்ஷூரன்ஸ் இவற்றைக் கட்டி முடித்தபின் ஒற்றை லாரிக்காரருக்கு மிஞ்சுவது சொற்பம். வாடகையும் குறித்த நாளில் வருவதில்லை. பழகாத கையால் கியர்பாக்ஸ் போனால் யார் கொடுப்பது என்று அவர் கேட்பது சரியே. இளைஞர்களிலும் சிலர் ஒரு கையில் ஸ்டியரிங்கும் மறு கையில் போனுமாக வீடியோ எடுத்துக்கொண்டு போகிறார்கள். அவர்களுக்காகப் பரிந்து பேச நான் வரவில்லை.

எனக்குச் சகிக்காதது வேறு. “நம்ம பையன்தானே, தொழில் பழகட்டும்” என்று சொல்லி, முதல் வருஷம் முழுவதும் பேட்டாவில் பாதியைப் பிடித்துக்கொள்ளும் வழக்கம் நம்மிடையே சிலரிடம் உண்டு. அந்நியனுக்குக் கொடுக்கும் கூலியை உறவினனுக்குக் குறைப்பது எந்த உறவு முறை? பழக்குகிறேன் என்று பிடித்தம் செய்பவர், பழக்குவதற்கு ஓர் ஆளை அவன் பக்கத்தில் உட்காரவைத்தால் அதில் ஒரு நேர்மை உண்டு. அதுவும் இல்லாமல் பிடிக்கும் பணத்திற்குப் பயிற்சி என்று பெயர் வைப்பது பொருந்தாது. தொழிலின் கஷ்டத்தைப் பிள்ளை தாங்கட்டும். பிறர் லாபத்திற்காக அவன்மேல் ஏற்றப்படும் கஷ்டத்தைத் தாங்கச் சொல்ல நமக்கு வாயில்லை.

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. பிள்ளை இரண்டாம் மாதமே திரும்பி வந்து, “அந்த வண்டிக்குப் போகமாட்டேன்” என்றால், சோம்பேறி என்று ஏசுமுன், எத்தனை மணி நேரம் தூங்கினாய், எவ்வளவு லோடு ஏற்றினார்கள் என்று கேளுங்கள். அந்த வண்டியை விட்டவன் தொழிலையே விட்டவன் ஆகமாட்டான்.

நமது ஊர்களில் முப்பது, நாற்பது வருஷம் லாரி ஓட்டி, இப்போது திண்ணையில் உட்கார்ந்திருக்கும் டிரைவர்கள் பலர் இருக்கிறார்கள். லைசென்ஸ் பெற்ற புதுப்பிள்ளை இரவுப் பயணம் போகும்போது, முதல் மூன்று மாதம் அவர்களில் ஒருவர் பக்கத்தில் அமர்ந்து போகலாம். அவருக்கு நாட்கூலியை முதலாளி பாதியும், சங்கம் பாதியும் கொடுப்பது என்று செயற்குழுவில் நேற்றுப் பேசினோம். லாரி வைத்திருக்கும் நால்வர் இசைந்திருக்கிறார்கள். பெயர் கொடுக்க விரும்பும் பழைய டிரைவர்கள், கூட்டம் முடிந்ததும் காரியதரிசியைக் காணலாம். நோட்டு அவரிடம் இருக்கிறது.