பாதி வைத்தியம் போதாது!

(அம்பத்தூரில் நடந்த தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



அம்பத்தூர் எஸ்டேட்டிலும் ஆவடியிலும் உழைத்து ஓய்ந்தவர்கள், பூந்தமல்லிப் பக்கம் நாற்று நட்டே நரைத்தவர்கள் எல்லோரும் இங்கே கூடியிருக்கிறோம். கூலியும் போனசும் பற்றிப் பேசுவது நம் வழக்கம். இன்று உடம்பைப் பற்றிப் பேசுவோம். அதைத் தவிர நமக்கு வேறு சொத்து ஏது?

இருதயத்திலிருந்து புறப்படும் பெரிய ரத்தக்குழாய் வயிற்றின் வழியே இறங்குகிறது. மகாதமனி என்பார்கள். வயிற்றில் அதன் விட்டம் சுமார் 2 சென்டிமீட்டர். வயதாலும், ரத்தக்கொதிப்பாலும், முக்கியமாகப் பீடி, சிகரெட்டாலும் அதன் சுவர் நலிகிறது. பழைய சைக்கிள் டியூப் போல, வலுவிழந்த இடத்தில் புடைக்கிறது. பெரும்பாலும் வலி இராது. வெடித்துவிட்டாலோ, பிழைப்பவர்கள் சிலரே. 1955 ஜனவரியில் நம் ஆவடியில் காங்கிரஸ் மகாநாடு ‘சோஷலிஸ பாணி சமுதாயம்’ என்று தீர்மானம் போட்டது. அதே ஆண்டு ஏப்ரலில், சோஷலிஸத்தை ஆதரித்து எழுதிய மேதை ஐன்ஸ்டீன் இந்தப் புடைப்பு வெடித்துத்தான் மாண்டார்.

வயிற்றைத் திறந்து, கெட்ட பகுதியில் துணிக்குழாயைத் தைப்பது பழைய முறை. 1987ல் சோவியத் உக்ரேனின் கார்க்கோவ் நகர டாக்டர் வோலோடோஸ், கம்பி வளையம் கோத்த துணிக்குழாயை உள்வழியாகவே செலுத்தி மார்பு மகாதமனியில் பொருத்தினார். 1990ல் அர்ஜென்டினா டாக்டர் பரோடி, தொடை ரத்தக்குழாய் வழியே வயிற்று மகாதமனியில் இதைச் செய்தார். இதுதான் ‘ஸ்டென்ட் கிராஃப்ட்’. ரத்தம் புதுக்குழாய் வழியே ஓடும். புடைப்பின் மேல் அழுத்தம் விழாது.

இது நல்லதா? பிரிட்டனில் 1999 முதல் 2004 வரை 1,252 நோயாளிகளை இரு பிரிவாக்கிச் சோதித்தார்கள். வயிற்றைத் திறந்தவர்களில் 30 நாளுக்குள் இறந்தவர்கள் நூற்றுக்கு நாலுக்கு மேல். புது முறையில் இரண்டுக்கும் குறைவு. பெரிய வெற்றிதான். ஆனால் 15 ஆண்டுக் கணக்கு 2016ல் வந்தபோது கதை மாறியது. 8 ஆண்டுக்குப் பிறகு புது முறைக்காரர்களே அதிகம் இறந்தார்கள். அந்தக் காலத்தில் பழைய புடைப்பு மீண்டும் வெடித்து மாண்டவர்கள், புது முறையில் 13 பேர். பழைய முறையில் 2 பேர்.

காரணம் என்ன? குழாய் நழுவலாம். அதன் விளிம்பிலோ, கிளைக் குழாய்கள் வழியாகவோ ரத்தம் புடைப்புக்குள் கசியலாம். செம்பரம்பாக்கம் ஏரிக்கரையைக் கட்டியதோடு யாராவது விட்டுவிடுவார்களா? வரப்பில் நண்டு வளையைக் கண்டால் விவசாயத் தொழிலாளி சும்மா இருப்பானா? மழைக்கு முன்னே கரையைப் பார்க்க வேண்டும். அதுபோல, இந்தக் குழாய் வைத்தவர் ஆயுள் முழுதும் தவறாமல் ஸ்கேன் எடுத்துப் பார்க்க வேண்டும். கசிவை முன்பே கண்டால் சரிசெய்ய வழி உண்டு.

தோழர்களே, இங்கேதான் வர்க்க வித்தியாசம் வருகிறது! பணக்காரன் காரில் போய் ஸ்கேன் எடுப்பான். பூந்தமல்லித் தொழிலாளிக்கோ ஒரு நாள் கூலி போகும்; பஸ் செலவு ஆகும்; ‘வலியில்லையே, அடுத்த வருஷம் பார்ப்போம்’ என்று இருந்துவிடுவான். விஞ்ஞானம் கொடுத்த உயிரை வறுமை திரும்பப் பறித்துக்கொள்ளும்.

விலையையும் பாருங்கள். டில்லி ஹைகோர்ட்டில் வழக்கு நடந்த பிறகுதான் 2017 பிப்ரவரியில் இருதய ஸ்டென்டுக்கு உச்ச விலை வைத்தார்கள்: சாதா ரகம் 7,260 ரூபாய், மருந்து பூசியது 29,600 ரூபாய். மகாதமனிக் குழாய் அந்த உத்தரவில் இடம் பெறவில்லை. அதற்கோ லட்சக்கணக்கில் செலவாகிறது.

ஆகவே நம் கோரிக்கைகள் மூன்று. மகாதமனிக் குழாய்க்கும் உச்ச விலை வேண்டும். சர்க்கார் இன்ஷூரன்சும் இ.எஸ்.ஐ.யும் ஆபரேஷனோடு நிற்காமல், ஆயுள் முழுதும் ஸ்கேன் செலவை ஏற்க வேண்டும். 65 வயது தாண்டிய, புகைபிடித்த ஆண்களுக்கு நம் பகுதி ஆஸ்பத்திரிகளிலேயே வயிற்று ஸ்கேன் இலவசமாக வேண்டும்.

நாமும் செய்ய வேண்டியதுண்டு. பீடியை விடுவோம். திடீரென வயிற்றிலோ முதுகிலோ கடும் வலி வந்து மயக்கம் வந்தால், வாயுத் தொல்லை என்று காலம் கடத்தாமல் உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடுவோம். சென்னை ஜெனரல் ஆஸ்பத்திரியில் ரத்தக்குழாய்க்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. எந்த முறை என்பதை டாக்டரிடம் கேட்டே முடிவு செய்வோம். குழாய் வைத்த தோழரை ஆண்டுதோறும் ஸ்கேனுக்கு அழைத்துப் போவதைச் சங்கத்தின் வேலையாக எடுத்துக்கொள்வோம்.

பாதி வைத்தியம் போதாது! முழு வைத்தியம் நம் உரிமை!