குளிர்காலையில் லொறி எஞ்சின் சூடேறாமை: காரணம் அறியும் முறை

(பதுளை மாவட்டக் கமக்காரர் கூட்டமொன்றில் விவசாயப் போதனாசிரியர் ஆற்றிய பேச்சு)



மார்கழி, தை மாதங்களில் வெலிமடை, பண்டாரவளைப் பகுதிகளின் விடியற்காலைக் குளிரைப் பற்றி உங்களுக்கு நான் எடுத்துரைக்க வேண்டியதில்லை. அவ்வேளையிலேதான் போஞ்சி, கரட், லீக்ஸ் மூட்டைகளுடன் லொறிகள் கெப்பெட்டிப்பொலைப் பொருளாதார மத்திய நிலையத்துக்குப் புறப்படுகின்றன. எஞ்சின் நெடுநேரம் சூடேறாமல், வேகமும் தணியாமல் இரைந்துகொண்டிருப்பின், "குளிர்தானே" என்று அதனை அலட்சியஞ் செய்யலாகாது.

குளிர்ந்த எஞ்சின் முதற் சில நிமிடங்கள் சற்று விரைவாக ஓடுவது இயல்பே. நீர் சூடேறியதும் அவ்வேகம் தானே தணிதல் வேண்டும். நீர் சூடேறாவிடின் வேகமும் தணியாது. ஆதலால் இவ்விரு குறைகளுக்கும் காரணம் பெரும்பாலும் ஒன்றே.

அக்காரணத்தைப் பின்வரும் ஒழுங்கில் தேடுக.

1. எஞ்சின் நன்கு ஆறியிருக்கும்போது றேடியேற்றர் மூடியைத் திறந்து நீர்மட்டத்தைப் பாருங்கள். நீர் குறைந்திருந்தால் வெப்பமானி பொய்யளவு காட்டும். சூடான எஞ்சினின் மூடியை ஒருபோதும் திறவாதீர்.

2. எஞ்சினை இயக்கி, காற்றாடிக்கும் பட்டிக்கும் எட்டாதவாறு, றேடியேற்றரின் மேற்குழாயைத் தொட்டுப் பாருங்கள். தேமோஸ்ரற் என்னும் வெப்ப வால்வு நன்றாயிருப்பின், குழாய் சிறிது நேரம் குளிர்ந்திருந்து, பின்னர் விரைவாகச் சூடேறும். தொடக்கத்திலிருந்தே மெல்ல மெல்ல வெதுவெதுப்பாகுமாயின், வால்வு மூடாமல் நிற்கின்றது, அல்லது அங்கே வால்வே இல்லை.

3. வால்வைக் கழற்றி, நூலிற் கட்டி நீர்ப் பாத்திரத்தில் தொங்கவிட்டுக் காய்ச்சுங்கள். குளிர்ந்த நீரில் அது மூடியிருத்தல் வேண்டும். அதிற் பொறித்துள்ள வெப்பநிலையை அண்டியதும் திறத்தல் வேண்டும். பல வால்வுகளில் அது 82 பாகை செல்சியஸ் அளவாகும்.

4. வால்வு நன்றாயிருந்தும், எஞ்சின் சூடேறிய பின்னரும் வேகம் தணியாவிடின், வேகமிதியின் கம்பி இறுகியுள்ளதா, வெப்ப உணரியின் கம்பி அறுந்துள்ளதா என்று பாருங்கள். பெற்றோல் எஞ்சினாயின் காற்றுக் குழாயில் வெடிப்புள்ளதா என்றும் பாருங்கள்.

நீர்த்தொட்டி முறையிற் குளிரும் இருசில்லு உழவு இயந்திரங்களில் இவ்வால்வு இல்லை. ஆகவே இச்சோதனை அவற்றுக்குப் பொருந்தாது.

நான் கண்ட ஒன்றைக் கூறுகின்றேன். கமக்காரர் ஒருவரின் லொறி மகியங்கனைப் பக்கத்திலிருந்து நெல்லேற்றி மலையேறுகையிற் கொதித்தது. கராஜ் ஒன்றில் வால்வைக் கழற்றி எறிந்துவிட்டனர். கொதிப்புக்கு மெய்யான காரணம் றேடியேற்றர்த் தகடுகளில் அடைந்திருந்த சேறு! அந்நோய் அப்படியே இருக்க, மலைக்குளிரில் எஞ்சின் சூடேறாத புதிய நோயும் சேர்ந்துகொண்டது. நாள்தோறும் டீசல் வீணாயிற்று, சந்தைக்கும் பிந்தினார், பிந்திய மூட்டைக்கு விலையும் குறைந்தது. சேற்றைக் கழுவிப் புதிய வால்வைப் பொருத்தியதும் இரு குறைகளும் நீங்கின.

எஞ்சின் சூடேறட்டும் என்று வேகமிதியை அழுத்தி இரையவிடாதீர். குளிர்ந்த எண்ணெய் எல்லா உறுப்புகளையும் எட்டுமுன் தேய்மானம் மிகும். ஓரிரு நிமிடம் இயங்கவிட்டு, மெதுவாக ஓட்டிச் செல்வதே நன்று. பூட்டிய கொட்டிலினுள் எஞ்சினை இயக்குவதோ உயிருக்கே ஆபத்து. அதன் புகையிலுள்ள நச்சு வாயு மணமற்றது.

மண்ணை அறிந்து பயிரிடும் நீங்கள், விளைச்சலைச் சுமக்கும் வண்டியின் குறையையும் காரணம் அறிந்தே திருத்துங்கள்.